பூஜைச் சாப்பாடு யார் கணக்கில்

ஆகஸ்ட் 28, வியாழன்

டீத்தூள், சர்க்கரை. கம்பெனி ஆட்களுக்கு டீ போட.
பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. மிஷின் துடைக்க.

இப்படித்தான் எழுதச் சொன்னார் ஆடிட்டர் வனஜா மேடம். இந்த டைரியையும் அவர்தான் கொடுத்தார். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன் என்றேன்.

"கோணலா இருந்தாலும் பரவால்ல, துளசிமணி. தேதி போடுங்க. என்ன செலவு, எதுக்கு, யாருக்கு. அது இருந்தாப் போதும். எதுக்குன்னு எழுதாத செலவு எனக்குச் செலவே இல்ல."

வருடம் பாதிக்கு மேல் போய்விட்டதால் டைரியின் முன்பக்கமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. அந்த மாதங்களில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. சமைத்தேன். மருதாசலண்ணன் காட்டிய இடத்தில் செக்கில் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு கம்பெனியை நடத்துவது ஃபோர்மேன் மருதாசலண்ணன்தான். நான் பெயருக்கு முதலாளி.

செப்டம்பர் 1, திங்கள்

பூ, வெற்றிலை. வீட்டுக்கு. அவர் படத்துக்குப் போட. இது கம்பெனிக் கணக்கில் வராது என்று எனக்கே தெரிகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

காந்திபுரத்துக்கு பஸ். ஆடிட்டர் ஆபீஸ் போக.

போன வருடத்துக் கணக்கை இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டுமாம். மேடம் ஒரு பில்லை எடுத்து மேசையில் விரித்தார். போன ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் மளிகைக் கடையில் வாங்கியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது.

"இதுல துவரம்பருப்பு இருக்கு, சாம்பிராணி இருக்கு, சீயக்காயும் இருக்கு. சீயக்காய எந்த மிஷினுக்குத் தேய்ச்சீங்க?"

"அது வீட்டுக்குங்க மேடம்."

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தான். வீட்டு மளிகையும் கம்பெனி விருந்தும் ஒரே பில்லு. நான் திட்டுவேன், அவரு சிரிப்பாரு. இப்ப யாரைத் திட்டறது."

எங்களுக்கு முன்னால் கம்பெனி, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. இந்தக் கணபதி ஏரியாவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பம்ப்செட்டுக்குப் பாகம் கடைகிற இடத்துக்குப் பத்து அடி பின்னால்தான் என் அடுப்பு. எந்தப் பருப்பு எந்தச் சட்டியில் வெந்தது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? மேடம் பார்த்தார். சிவப்புப் பென்சிலால் வீட்டுச் சாமானை எல்லாம் அடித்தார்.

"பூசணிக்காய் எதுக்கு?"

"திருஷ்டி சுத்தி உடைக்கங்க."

"வீட்டு வாசல்லயா, கம்பெனி வாசல்லயா?"

"கம்பெனி வாசல்லதானுங்க."

"அப்ப பூஜைச் செலவு. ஏத்துக்கலாம்."

டிக் போட்டார். அதை உடைத்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதைச் சொன்னால் மேடம் என்ன தலைப்பில் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணி கேன் காலையில நாலு, மத்தியானம் திரும்ப மூணு. ஒன்பது ஆளுங்களுக்கு ஏழு கேனா? எல்லாரும் குளிச்சாங்களா?"

"வெயிலுங்க" என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். பந்தியில் எல்லாரும் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டை ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டார். அதிகாலையில் இருந்து நானும் அவருடைய அக்கா பொன்னாத்தாளும் சேர்ந்து செய்த சமையல்.

கடைசியில் மேடம் ஒரு கோடு போட்டார். என் வீட்டுக்காரர் இருந்த நாள் வரைக்கும் அவர் பெயரில் ஒரு கணக்கு, மறுநாளில் இருந்து என் பெயரில் வேறு கணக்கு. அப்படித்தான் கட்ட வேண்டுமாம்.

"இந்த விருந்துதாம்மா அவரு கணக்குல கடைசிச் செலவு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இருந்த மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நடுக்கதவுக்குக் கொண்டி. வீட்டுப் பக்கம் போடுவது.

மருதாசலண்ணன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார். நடுக்கதவை நான் திறப்பதில்லை. மாசி மாதத்தில் இருந்து பூட்டியே கிடக்கிறது.

"ஏனுங் அம்மிணி, ஆயுத பூஜை வருது. பசங்க கேக்கறாங்க. சாமி மட்டும் கும்பிட்டுப் பொரி குடுத்தாப் போதுமா, இல்ல சாப்பாடும் உண்டுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து பொன்னாத்தாள் சொல்லிவிட்டாள். "என்ன கேக்கறீங்க மருதாசலம்? எந்தம்பிக்கு அன்னைக்குத்தான் வருசத் திதி. திதி வீட்டுல பந்தி போட்டுத் தின்னா ஊரு சிரிக்காதா?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "இல்லீங்க, மொதலாளி ஒரு வருசம்கூட நிறுத்தினதில்ல. அதனால கேட்டேன்" என்றார். போய்விட்டார்.

பொன்னாத்தாள் சொல்வது சரிதான். அவர் போன அதே நவமிதான் ஆயுத பூஜை. இனி எந்த வருடமும் இரண்டும் ஒரே நாள்தான்.

செப்டம்பர் 10, புதன்

செலவு இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மொபைலுக்கு ரீசார்ஜ். கம்பெனி பேச்சும் உண்டு, என் பேச்சும் உண்டு. பாதிப் பாதி என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும்.

மேடத்துக்குப் போன் போட்டேன். இந்த வருடம் விருந்து வைத்தால் கணக்கில் ஏறுமா என்று கேட்டேன். ஏறாது என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது, மருதாசலண்ணனிடம் அதையே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"யாரு வெக்கறாங்க? நீங்களா, கம்பெனியா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"இல்லவே இல்ல. உங்க வீட்டு விசேஷத்துக்கு ஆளுங்களக் கூப்பிட்டா அது உங்க சொந்தச் செலவு. கம்பெனி தன்னோட ஆளுங்களுக்குப் போட்டா அது ஊழியர் நலச் செலவு, அது ஏறும். ஓட்டல்ல இருந்து வரவெச்சா அதுக்குக் கட்டற ஜிஎஸ்டி திரும்ப வராது. சமையல்காரருக்குப் பத்தாயிரத்துக்கு மேல போனா ரொக்கமாக் குடுக்காதீங்க, பேங்க்ல போடுங்க. அவ்வளவுதான்."

"வீட்டுல அன்னைக்குத் திதிங்க மேடம்."

மேடம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"திதி வீட்டுக்குத்தான், துளசிமணி. கம்பெனிக்குத் திதி கிடையாது. அதனாலதான் நான் ரெண்டு கணக்கு போடறேன்."

சாயங்காலம் பொன்னாத்தாளிடம் சொன்னேன். "யாரு சொன்னது, ஐயரா?" என்றாள். "ஆடிட்டருங்க." அவள் முறைத்தாள். பிறகு, "காலையில திதி முடியட்டும். மத்தியானம் கம்பெனி என்னமோ பண்ணிக்கட்டும். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றாள். சமையலுக்கு மட்டும் வருவாளாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

காந்திபுரத்துக்கு பஸ்.

சாப்பாடும் ஆளுக்கு ஒரு சட்டையும் என்று எழுதி எடுத்துப்போனேன். மேடம் படித்தார். பிறகு சம்பள ரெஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இங்க ஒன்பது பேரு. உங்களுதுல எட்டு. ஒருத்தர் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைங்க. நான்தான் விட்டேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்டு எழுதியபோது அந்தப் பெயரும் அந்தத் தாள்களில் இருந்தது.

"அப்ப இது கம்பெனி விருந்து இல்ல. உங்களுக்குப் புடிச்சவங்களுக்கு நீங்க போடற விருந்து. வீட்டுச் செலவு."

"ஒரு ஆளுதானுங்களே. டிபார்ட்மென்ட்டுல வந்து எண்ணிப் பாப்பாங்களா?"

"அவங்க எண்ண மாட்டாங்க. நான் எண்ணிட்டேன்."

பஸ்ஸில் வரும்போது கோபமாக வந்தது. அவருக்கு என்ன, பென்சிலால் எழுதுகிறார், அழிக்கிறார்.

எதற்கு என்று எழுதச் சொல்கிறார்கள். சரி, எழுதுகிறேன். போன ஆயுத பூஜை அன்று பந்தி முடிந்ததும் மில்லிங் மிஷினில் நிற்கிறவர் வந்து, பஸ் போய்விட்டது, வீட்டில் இறக்கி விடுங்கள் என்று இவரிடம் கேட்டார். இவர் ஸ்கூட்டரை எடுத்தார். ரேஷன் கடை வளைவில் டிப்பர் லாரி. இவரைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னால் உட்கார்ந்தவருக்குக் கால் முறிந்தது. மூன்று மாதத்தில் ஊன்றி நடந்தார். மாசியில் மருதாசலண்ணன் அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. மில்லிங் மிஷின் நடுக்கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் முதுகு.

அன்று நான் சாப்பிடவில்லை. இவர் திரும்பி வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று இரண்டு இலையைக் கழுவி வைத்திருந்தேன். சாம்பார் அண்டாவை அப்புறம் யார் எங்கே கொட்டினார்கள் என்று தெரியாது.

செப்டம்பர் 20, சனி

பால். வேறு செலவு இல்லை.

செப்டம்பர் 24, புதன்

சட்டை ஒன்பது. ஊழியர்களுக்கு.

எட்டுப் பேரின் அளவும் மருதாசலண்ணன் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கடையில் நின்று அவருக்குப் போன் செய்தேன். "இன்னொரு சட்டைக்கு அளவு சொல்லுங்ணா" என்றேன்.

"நாப்பது, அம்மிணி. மொதலாளி அளவுதான் அவனுக்கும்."

கடைக்காரப் பெண் நாற்பது அளவில் நாலைந்தை எடுத்துப் போட்டாள். இத்தனை வருடமாக நாற்பது எடுத்த கை, தானாக நீலத்துக்குப் போயிற்று. பிறகு பச்சைக் கோடு போட்டதை எடுத்தேன். பில் தனியாகப் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சோப்பு ஆயில், சுண்ணாம்பு. கம்பெனி கழுவ.

ஆட்கள் எல்லாரும் வந்து மிஷின்களைக் கழுவினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களில் சின்னவன் சகாயம் பாட்டுப் போட்டிருந்தான். யாரோ யாரையோ, "உன் லேத்தைவிட நீதான்டா அழுக்கு" என்றார்கள். ஒரு நடை மட்டும் தனியாகத் தெரிந்தது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. அது வரும்போது பேச்சு கொஞ்சம் குறையும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இரண்டு பில். மளிகைக் கடை அண்ணாச்சி, "என்னம்மா, ஒரு வீட்டுக்கு ரெண்டு பில்லா?" என்றார். ஒன்று கம்பெனி விருந்துக்கு. ஒன்று திதிக்கு. பருப்பு இரண்டிலும் இருக்கிறது, சீயக்காய் எதிலும் இல்லை.
தண்ணீர் கேன் ஏழு. கம்பெனி. போன வருடக் கணக்குப்படி.

அக்டோபர் 1, புதன்

காலையில் பேரூர் போய்த் திதி கொடுத்தோம். பிண்டத்தை ஆற்றங்கரையில் வைத்தபோது பொன்னாத்தாள் தேம்பினாள். எனக்கு அழுகை வரவில்லை. அண்டாவில் பருப்பு வெந்துகொண்டிருக்கும், யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோமா என்று அதே யோசனையாக இருந்தது.

மத்தியானம் மருதாசலண்ணன் பூஜை செய்தார். மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. நான் நடுக்கதவைத் திறந்தேன். புதுக் கொண்டி இறுகிக் கிடந்தது, சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மில்லிங் மிஷினுக்குச் சந்தனம் வைத்திருந்தது. முன்னால் யாரும் இல்லை.

தரையில் ஒன்பது இலை போட்டார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள்.

"அவன் காலையிலயே வந்து மிஷினுக்குப் பூ வெச்சுட்டுப் போயிட்டான், அம்மிணி. வரமாட்டான். நீங்க கட்டிக் குடுங்க, சாயங்காலம் பார்சலா நான் குடுத்தர்றேன்" என்றார் அண்ணன்.

"பார்சல் கணக்குல வராதுங்ணா."

"என்னது?"

"கம்பெனி விருந்துன்னா இலையில உக்காந்து சாப்பிடோணும். ஒன்பது பேரும். ஒரு இலை காலியா இருந்தாலும் வீட்டுச் செலவாயிரும்."

"இதையும் ஆடிட்டரம்மாவா சொன்னாங்க?"

"ஆமாங்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இலையை விட்டு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். சகாயம் மட்டும், "அக்கா, அப்பளமாவது கணக்குல வருங்களா? பசிக்குது" என்றான். அப்பளம் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ரேஷன் கடை வளைவு வழியாக ஒரு வருடமாக நான் போனதில்லை. காந்திபுரம் பஸ்ஸுக்குக்கூட அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய்த்தான் ஏறுவேன். இன்று அண்ணன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒன்றும் இல்லை. ஒரு வேகத்தடை புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இளநீர்க் கடை இருக்கிறது.

லைன் வீடு. கடைசிக் கதவு. திருமூர்த்தி பழைய லுங்கியோடு படியில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். கால் சட்டென்று வரவில்லை, சுவரைப் பிடித்தார்.

"அக்கா, நீங்க எதுக்குங்க..."

"இலை போட்டாச்சு. எல்லாரும் உக்காந்திருக்காங்க. வாங்க."

"நான் எப்படீங்க வர்றது. இன்னைக்குப் போயி." அவர் குழந்தையின் வாயைத் துடைத்தார். "நான்தானுங்க கேட்டேன், எறக்கி விடுங்கன்னு. நான் கேக்காம இருந்திருந்தா..."

"தெரியும்" என்றேன்.

"ஆளு கொறஞ்சா கணக்குல ஏறாதாம். ஆடிட்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. சட்டையப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

அவர் மனைவி உள்ளே இருந்து ஒரு சட்டையை நீட்டினாள். "போயிட்டு வாங்க. அவங்களே வந்திருக்காங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

கால் மடங்காது என்பதால் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அண்ணன் பின்னால் வண்டியில் வந்தார். வளைவு வந்தபோது திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் கேட்டேன்.

"கடைசியா என்ன பேசிட்டு வந்தாரு?"

ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"சொன்னாக் கோவிச்சுக்குவீங்க."

"சொல்லுங்க."

"அன்னைக்கு... சாம்பாரு உப்புக் கரிச்சுதுங்க்கா. வாயில வெக்க முடியல. வண்டியில போகப் போக மொதலாளி சிரிக்கறாரு. 'ஏண்டா திருமூர்த்தி, நாக்கெல்லாம் கடலாட்டக் கெடக்குது. ஒருத்தனும் துளசிகிட்டச் சொல்லிப்போடாதீங்கடா. விடியக்கால இருந்து அடுப்புல நிக்கறா. அவ நெனச்சுக்கட்டும் நல்லாருக்குதுன்னு.' அப்படீன்னுட்டு, அவளுக்காக ரெண்டாந்தடவை வேற வாங்கித் தின்னேன்டான்னு சொல்லிட்டே..." அவர் நிறுத்திவிட்டார். "அவ்வளவுதானுங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு கேன். வெயில் என்றேனே மேடத்திடம். சிரித்தேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பிறகு எப்போது அது வேறு ஏதோ ஆயிற்று என்று தெரியவில்லை. முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. திருமூர்த்தி எனக்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அண்டாவிடம் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்தேன். பொன்னாத்தாள், "என்ன புள்ளே, உப்பா? நான் போட்டுட்டேன்" என்றாள். "போன வருசமும் நீங்கதான் போட்டீங்களா?" "ஆமா. ஏன், நீயும் போட்டியா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாவது இலையில் திருமூர்த்தி உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டு. நான் பரிமாறினேன். பொன்னாத்தாள் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றவள், ரசம் ஊற்ற வந்தாள். மருதாசலண்ணன் என்னையும் உட்காரச் சொன்னார். நான் ஊழியர் இல்லை, என் சாப்பாடு வீட்டுக் கணக்கு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு உள்ளே போய் இரண்டு இலையைக் கழுவினேன். ஒன்றில் திதிச் சோற்றை அவருக்கு வைத்தேன். இன்னொன்றில் நான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜைச் சாப்பாடு, சட்டை. எதற்கு: ஊழியர் நலம். யாருக்கு: ஒன்பது பேர். பில் இணைத்திருக்கிறது.
பூசணிக்காய். கம்பெனி வாசலில் உடைத்தது.
தண்ணீர் கேன் நான்கு பிரிக்கவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று.